பத்தொன்பதாம் திகதிக்கு யாரும் சொல்லவில்லை

டிசம்பர் 5, வெள்ளி

மழை. மழை என்றும் சொல்ல முடியாது. ஹம்பேர்க் வானத்துக்குச் சளி, அவ்வளவுதான்.

கண்ணாடிக்கடையில் ஆறு மணிவரை வேலை. கிறிஸ்மஸ் வந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கண் தெரியாமல் போய்விடுகிறது. ஒரு பெரியவர் கடையில் இருந்த அத்தனை ஃபிரேமையும் போட்டுப் பார்த்துவிட்டு, எதைப் போட்டாலும் தன் முகம்தான் தெரிகிறது என்று கோபித்துக்கொண்டு போனார்.

செய்ய வேண்டியவை:
– பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி. அடிக்கம்பி செத்துவிட்டது.
– ஜனவரி லீவு. எங்கள் ஷெஃப், அதாவது கடை முதலாளி, கையெழுத்துப் போட்டுவிட்டார்!!
– நோவி சாட் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு வரைபடத்தில் காட்ட. (அம்மா இன்னும் அது ரஷ்யாவில் என்று நினைக்கிறார்.)
– புதுப் பாட்டின் சேர்பியச் சொற்கள். தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்க.

இந்தக் கொப்பியில் கடைசியாக எழுதியது பேண்டில் சேர்வதற்கு முன். ஆகவே, பிறகு வாசிக்கப்போகும் ஆரணிக்கு, அதாவது எனக்கு: பேண்டின் பெயர் மொக்ரி கோஃபெர். நனைந்த சூட்கேஸ் என்று அர்த்தம். முதல் ஒத்திகைக்கு ட்ராகன் வயர் எல்லாவற்றையும் ஒரு சூட்கேஸில் போட்டு மழையில் இழுத்துக்கொண்டு வந்தான். உள்ளே தண்ணீர். அன்று வாசிக்கவே இல்லை, வயர்களைக் காயப்போட்டுவிட்டுப் பெயர் வைத்தோம். ஆட்கள் மூன்று. ட்ராகன், பாட்டும் கிட்டாரும். சேர்பியாவிலிருந்து வந்து ஐந்து வருடம், துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். மிலிட்சா, டிரம்ஸ், முதியோர் இல்லத்தில் தாதி. நான் பேஸும் பின்பாட்டும். இங்கே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இசைக்கருவிக் கடை ஒன்றின் விளம்பரப் பலகையில் "பேஸ் தேவை, எந்த நாடானாலும் பரவாயில்லை" என்று இருந்தது. நான்தான் அந்த எந்த நாடு.

ஜனவரி எட்டாம் திகதி வான் வண்டியில் சேர்பியாவின் நோவி சாட் நகரத்துக்குப் போகிறோம். ஒரு கொன்சேர்ட், அதன்பின் இரண்டு நாள் ஸ்டூடியோ. எங்கள் முதல் ரெக்கோர்டிங். 

டிசம்பர் 6, சனி

இன்று புனித நிக்கோலாஸ் நாள், கடையில் எல்லாருக்கும் அவர் உருவத்தில் செய்த சொக்லேட் கொடுத்தார்கள். மிலிட்சாவுக்குப் பாதி கொண்டுபோனேன். "இது ஜெர்மன்காரற்றை நிக்கோலா. எங்கடை ஆள் பழைய கலண்டர்படிதான் வருவார், பத்தொன்பதாம் திகதி" என்றாள், வாய் நிறைய அவரைச் சப்பிக்கொண்டு. (நாங்கள் மூவரும் பேசுவது ஜெர்மன். என் காதில் விழும்போது யாழ்ப்பாணத் தமிழாகிவிடுகிறது. அப்படியே எழுதுகிறேன்.)

ஒத்திகை பங்கரில். யுத்தகாலப் பங்கர், இப்போது அறை அறையாக வாடகைக்கு, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு பேண்ட். முதன்முதலில் "பங்கருக்குப் போறன்" என்று சொன்னபோது அம்மாவின் முகம் போன போக்கு. அம்மாவுக்குத் தெரிந்த பங்கர் வேறு.

புது ஆள் ஒருவன் வந்திருந்தான். ட்ராகனின் சித்தப்பா மகன், ஸ்டெஃபான். வயரிங் வேலை செய்கிறவன், பிரேமனிலிருந்து இப்போதுதான் இங்கே மாறியிருக்கிறான். பெரிய வான் வைத்திருக்கிறான், எங்களை நோவி சாட் கொண்டுபோகப்போவது அவன்தான். நல்லது. பேஸும் வாசிப்பானாம். அது எதற்கு?

இடைவேளையில் தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்பி வருகிறேன், அறைகளுக்கு நடுவே போகும் ஓடைக்குள் என் பேஸ் கேட்கிறது. புதுப் பாட்டின் தொடக்கம். அது நான் கட்டியது. வசந்தகாலத்தில் ஒருநாள் சுருதி சேர்த்துக்கொண்டு சும்மா விரல் ஓட்டியபோது வந்தது. ட்ராகன் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாணை வைத்துவிட்டு "திரும்ப வாசி" என்றான். அதன்மேல்தான் முழுப் பாட்டும் எழும்பியது. இன்னும் பெயரில்லை, "புதுசு" என்றுதான் சொல்கிறோம். அதை ஸ்டெஃபான் என் கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்தான். பிழையில்லாமல்.

"கெதியாய்ப் பிடிச்சிட்டான், என்ன?" என்றான் ட்ராகன்.

"ஓம்" என்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

நாள் முழுக்க அப்பாவின் குறட்டை. குளிர்களஞ்சியத்தில் இரவு வேலை முடிந்து வந்து படுத்தால் பகல் அவருடையது.

முதல் கச்சேரி ஞாபகம் வந்தது. சேர்பியர்களின் உதைபந்தாட்டக் கழக மண்டபம், வறுத்த இறைச்சிப் புகை, முன்வரிசையில் மாமாமார். கலியாணப் பாட்டு எதிர்பார்த்து வந்திருந்தார்கள். நாங்கள் எங்கள் பாட்டை அலறவிட்டோம். இரண்டாம் பாட்டில் ஒருவர் எழுந்து, "அழக்கூடிய மாதிரி ஏதாவது வாசியுங்கோடா!" என்று கத்தினார். மிலிட்சா டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து, "இதைக் கேட்டே அழலாம், பயப்பிடாதேங்கோ" என்றாள். மண்டபம் சிரித்துவிட்டது. அன்று தப்பினோம்.

இன்னொரு ஆள் என்னைக் காட்டி, "இந்த இந்தியப் பிள்ளைக்குத் தான் என்ன பாடுது எண்டு விளங்குதோ?" என்று ட்ராகனிடம் கேட்டார். ட்ராகன்: "உங்களுக்கு விளங்கினதோ?" மனிதர் இறைச்சித் தட்டுக்குத் திரும்பிவிட்டார். இலங்கை என்று திருத்த நான் வாய் திறப்பதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அன்று பஸ்ஸில் வரும்போது, இவர்களோடு எங்கேயும் போகலாம் என்று நினைத்தேன்.

நேற்று ஸ்டெஃபான் வாசித்ததை ஏன் இவ்வளவு நினைக்கிறேன்? விசர்.

டிசம்பர் 10, புதன்

மிலிட்சாவிடமிருந்து மெசேஜ்: "பத்தொன்பதுக்கு ஷிஃப்ட் மாத்திட்டன், கடவுளே, என்ன பாடு." அவ்வளவுதான். அவளுக்குச் சொல்லியாகிவிட்டது போல.

பத்தொன்பது ட்ராகன் வீட்டு ஸ்லாவா. ஒவ்வொரு சேர்பிய வீட்டுக்கும் ஒரு புனிதர். அவருடைய நாள் வீட்டின் பெருநாள். ட்ராகன் வீட்டுக்கு நிக்கோலா. போன வருடம் அன்று ஒத்திகை இருந்தது, முடிந்ததும் எங்களை அப்படியே வீட்டுக்கு இழுத்துப்போனான். வாசலில் அவன் தாய் அவித்த கோதுமையைச் சீனியும் வால்நட்டும் சேர்த்துத் தட்டத்தில் நீட்டினார். ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்ட பிறகுதான் உள்ளே போகலாம். மெழுகுதிரி எரிந்தது. நோன்புகாலமாம், இறைச்சி இல்லை, மீனும் அவரையும். ட்ராகன் மாலை முழுக்க உட்காரவே இல்லை. வீட்டுக்காரன் அன்றைக்கு உட்காரக் கூடாது, நின்றுகொண்டே பரிமாற வேண்டும். மேடையில் அவ்வளவு எடுப்புக் காட்டுகிறவன் தோளில் துவாய் போட்டுக்கொண்டு என் சாப்பாட்டுக் கோப்பையில் மீன் வைத்தான். எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது.

இந்த வருடம் எனக்கு இன்னும் வரச் சொல்லவில்லை. ஒன்பது நாள் இருக்கிறதுதானே.

டிசம்பர் 13, சனி

ஒத்திகை. குளிர், பங்கரில் விரல் விறைத்தது. ஸ்டெஃபான் மறுபடியும். ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான், காலால் தாளம் போட்டபடி. என் தாளத்தை.

புறப்படும்போது ட்ராகன்: "இனி வெள்ளியிலும் ஒத்திகை, வாற வெள்ளி மட்டும் இல்லை. தெரியும்தானே?"

"தெரியும்."

இதோ இப்போது சொல்வான் என்று ஜாக்கெட்டின் சிப்பைப் பூட்டிக்கொண்டு நின்றேன். சிப் சிக்கியதாகக்கூட நடித்தேன். அவன் ஸ்டெஃபானோடு சேர்பியத்தில் கதைத்துக்கொண்டே படியேறிவிட்டான். காதில் விழுந்தவை: நோவி சாட், வான், நிக்கோலா, அம்மா.

வீட்டில் அம்மாவிடம், எனக்கில்லை, கடைச் சினேகிதி ஒருத்தியின் கதை என்று சொல்லிக் கேட்டேன். போன முறை போன வீடு, இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை, போகலாமா? அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டார்.

"சொல்லாத வீட்டுக்கு ஆரும் போவினமோ? போனமுறை சொன்னவை இந்தமுறை சொல்லேல்லையெண்டால் அதுக்கு என்ன கருத்து? வராதை எண்டு கருத்து."

அதன்பின் அம்மாவின் சட்டப்புத்தகம் திறந்தது. வீட்டுக்கு வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, கார்ட்டைக் கையில் தந்தால் அதுதான் சொல்லுவது. ஃபோனில் சொன்னால் அரைவாசி. வட்ஸப்பில் கார்ட்டின் படம் அனுப்பினால் அது அவமானம். டோர்ட்மூண்டில் பெரியப்பா மகளின் கலியாணத்துக்கு நாங்கள் போகாததற்கு அதுதான் காரணம். அந்த வீட்டோடு இன்றுவரை பேச்சில்லை. வாசலில் நின்றபடி கார்ட்டைத் தந்துவிட்டு ஓடியவர்களுக்குத் தனிப் பிரிவு.

சிரித்தேன். ஆனால் எனக்குள்ளும் அதே சட்டம்தான் இருக்கிறது. ஹம்பேர்க்கில் பிறந்தென்ன.

டிசம்பர் 16, செவ்வாய்

ஒரு லென்ஸைத் தவறான பக்கத்தில் வெட்டிவிட்டேன். ஷெஃப் ஏசவில்லை, பார்த்தார். அது இன்னும் மோசம்.

ஃபோனை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதே. பேண்ட் குரூப்பில் ட்ராகன் போட்டது ஒரு மீனின் படம். பெரிய மீன், தொட்டிக்குள். மிலிட்சா இதயம் போட்டாள். நான் ஒன்றும் போடவில்லை. மீனுக்கு என்ன சொல்ல?

யோசித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது. ஸ்டெஃபானுக்குப் பேஸ் தெரியும். பாஷை தெரியும். சொந்தம். வான் அவனுடையது. நோவி சாட் மேடையில் சேர்பியப் பாட்டுக்குப் பக்கத்தில் நான் யார் என்று ஒருவரும் கேட்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடியிருக்கும்போது கதைத்து முடிப்பார்கள். அதற்கு நான் அங்கே இல்லாமல் இருப்பது வசதி.

ட்ராகன் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் சொல்லவில்லையே.

டிசம்பர் 19, வெள்ளி

விடியற்காலை மூடுபனி, பிறகு ஒன்றுமில்லாத ஒரு நாள்.

ஆறு மணிவரை பார்த்தேன். கடைசி நேரத்திலாவது ஒரு வரி வந்தால் வேலையிலிருந்து நேரே போக, நல்ல சட்டையைப் பைக்குள் மடித்து வைத்திருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. வரவில்லை.

வெள்ளிக்கிழமை, வீட்டில் மரக்கறி. போயிருந்தால் மீன் தின்றிருப்பேன், அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், நல்லதாய்ப் போயிற்று என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கத்தரிக்காய்க் கறி. அம்மா: "ஏன் கோழி கிளறின மாதிரிச் சாப்பிடுறாய்?"

ஃபோனை நிறுத்தி மேசை லாச்சிக்குள் போட்டேன். சொல்லாதவர்கள் இனிச் சொன்னாலும் எனக்கு வேண்டாம்.

டிசம்பர் 20, சனி

காலை ஃபோனைத் திறந்தால் மிலிட்சாவிடமிருந்து நேற்றைய ஒரேயொரு கேள்விக்குறி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கேள்விக்குறிக்கு என்ன பதில் எழுதுவது? எழுதவில்லை.

குரூப்பில் ஒரு படம். வட்டப் பாண், மெழுகுதிரி, ட்ராகன் துவாயோடு, பக்கத்தில் ஸ்டெஃபான். சிரிக்கிறார்கள்.

பன்னிரண்டு மணிக்கு ட்ராகன்: "இன்று ஒத்திகை இல்லை." வழக்கமாக ஏதாவது பகிடி எழுதுவான். இல்லை.

டிசம்பர் 22, திங்கள்

ட்ராகன் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறான். கடிதம் போல, முழு வசனங்களில், பிழையில்லாத ஜெர்மனில். யாருக்கோ காட்டித் திருத்தியிருக்கிறான். உன் முடிவு விளங்கிவிட்டது. வற்புறுத்த மாட்டோம். நோவி சாட்டுக்கு ஸ்டெஃபான் வருகிறான். உன் அம்ப்ளிஃபயரை எப்போது எடுக்கிறாய் என்று சொன்னால் மிலிட்சா கதவு திறப்பாள். நன்றி.

என் முடிவாம்.

எஸ்-பான் ரயிலில் நின்றுகொண்டு வாசித்தேன். பக்கத்தில் ஒரு பெண் மரத்தை வலைக்குள் சுற்றிக் குழந்தை போல அணைத்துக்கொண்டிருந்தாள். அழுதுவிட்டேன், அவளுடைய கிறிஸ்மஸ் மரத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு. அவள் நகரவில்லை. நல்ல மனுசி.

இரண்டு வருடம். அந்தப் பாட்டு என்னுடையது.

டிசம்பர் 23, செவ்வாய்

அம்ப்ளிஃபயரை எடுக்கப் போனேன். கை வண்டில் கொண்டுபோனேன், யாரிடமும் உதவி கேட்காமல் இருக்க. மிலிட்சா மட்டும். வேலை உடுப்போடு வந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுப்பு. வணக்கம்கூடச் சொல்லவில்லை. நான் வயர் சுற்றினேன், அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெடித்தாள்.

"ட்ராகன்ரை அம்மா உனக்கெண்டு ஒரு கதிரையை ஒருத்தரையும் இருக்க விடேல்லை, தெரியுமோ? வந்தவை நிண்டுகொண்டு சாப்பிட்டவை. உன்ரை கதிரை சும்மா கிடந்தது. எங்களோடை இருக்க விருப்பமில்லையெண்டால் வாயாலை சொல்லியிருக்கலாம். நிக்கோலா அண்டைக்குத்தான் காட்டவேணுமோ?"

"என்னை ஆர் கூப்பிட்டது?"

"என்ன?"

"ஆர் கூப்பிட்டது எண்டு கேக்கிறன். உனக்குச் சொன்னவை. ஸ்டெஃபானுக்குச் சொன்னவை. எனக்கு ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை!"

மிலிட்சா என்னைப் பார்த்த பார்வை. இல்லத்தில் மறதிக்கார முதியவர்களை அப்படித்தான் பார்ப்பாள் போல.

"எனக்கு ஆர் சொன்னது? ஸ்லாவாவுக்கு ஆராவது ஆரையாவது கூப்பிடுவினமோ? கூப்பிடுறது பிழை, ஆரணி. கூப்பிட்டால் நீ வெளியாள் எண்டு அர்த்தம். ஒருக்கால் வந்திட்டால் அந்த வீடு ஒவ்வொரு வருசமும் உனக்குத் திறந்திருக்கும். நீயாய் வரவேணும். வராட்டில்... வராட்டில் அந்த வீட்டோடை முடிஞ்சுது எண்டு நீதான் சொல்லுறாய்."

வயர் கையில் அப்படியே இருந்தது. நான் அம்மாவின் சட்டத்தைச் சொன்னேன்: வீட்டுக்கு வருவது, இருப்பது, தேத்தண்ணி, கார்ட், டோர்ட்மூண்ட் கலியாணம். சொல்லச் சொல்ல மிலிட்சாவின் வாய் திறந்துகொண்டே போனது. பிறகு அம்ப்ளிஃபயர்மேல் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"ஸ்டெஃபான்?"

"அவன் வான் ஓட்ட வந்தவன். அண்டைக்கு ராத்திரி வரைக்கும் அவனிட்டை ஒருத்தரும் பேஸ் கேக்கேல்லை. நீ வரேல்லை. அடுத்தநாள்தான் ட்ராகன் கேட்டவன்."

அம்ப்ளிஃபயரை எடுக்காமல் வெறும் வண்டிலோடு வீட்டுக்கு வந்தேன். லிஃப்டில் அயலவர்: "ஒன்றும் கிடைக்கவில்லையா?"

டிசம்பர் 25, வியாழன்

கடை பூட்டு. நகரம் பூட்டு. மிலிட்சா எழுதினாள்: "ட்ராகனிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு வருடம் எங்களோடு இருந்த பிள்ளைக்கு இது தெரியாதா, கதை விடுகிறாள் என்கிறான். நீயே போ. ஃபோன் வேண்டாம். வீட்டுக்குப் போ."

கூப்பிடாமல்.

டிசம்பர் 27, சனி

போனேன். வில்ஹெல்ம்ஸ்புர்க்கில் ட்ராகன் வீடு, மூன்றாம் மாடி. காற்று காதை அறுத்தது. மணியை அழுத்த விரல் வரவில்லை. கீழ்வீட்டுக்காரன் குப்பை கொட்டப் போய்த் திரும்பி வரும்வரை நின்றேன். அதற்குமேல் நின்றால் பொலிஸைக் கூப்பிடுவான் என்று அழுத்தினேன்.

ட்ராகனின் தாய் திறந்தார். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதிரையில் இருத்தி, அவரைக்கறியைச் சூடாக்கினார். அவருக்கு ஜெர்மன் கொஞ்சம்தான். ட்ராகன் அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று மொழிபெயர்த்தான், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. எல்லாவற்றையும் சொன்னேன்.

தாய் கேட்டார்: "உங்கடை ஆக்கள் கூப்பிட மறந்துபோனால்?"

"சாகும்வரைக்கும் கோவம்."

"கூப்பிட்டும் வராட்டில்?"

"அதுக்கும் சாகும்வரைக்கும்."

தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தார். "நல்ல சனம்" என்றார்.

ட்ராகன் சிரிக்கவில்லை. அவன் மொழிபெயர்க்காமல் தன் பாட்டுக்குச் சொன்னது: "அண்டைக்கு மணி அடிக்கேக்கை எல்லாம் நான்தான் போய்த் திறந்தனான். ஒவ்வொரு முறையும் நீயாய் இருக்கும் எண்டு நினைச்சனான். கடைசியாய் வந்தது பக்கத்து வீட்டுக்காரன், கதிரை இரவல் கேட்டு."

மன்னிச்சுக்கொள் என்றேன். அவனும் ஏதோ முணுமுணுத்தான். பிறகு நான் கேட்கப் பயந்ததை அவனே சொன்னான்:

"ஸ்டெஃபானிட்டைக் கேட்டிட்டன். அவன் லீவு எடுத்திட்டான், எல்லாப் பாட்டும் படிச்சிட்டான். இனி அவனிட்டைப் போய் வரவேண்டாம் எண்டு எந்த வாயாலை சொல்லுறது?"

சொல்ல முடியாதுதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கொடுத்த வாக்கை யார் திரும்ப எடுப்பது.

அவரைக்கறியை முடித்தேன். தாய் மறுபடியும் வைத்தார், அதையும் முடித்தேன். ட்ராகன் வாசல்வரை வந்தான். கதவை மூட மட்டும் நிறைய நேரம் எடுத்தான்.

ஜனவரி 2, வெள்ளி

புதுவருட வெடிக் குப்பை ரோட்டெல்லாம் நனைந்து கிடக்கிறது.

இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஆட்கள் கூப்பிடுவது, நீ எங்களுக்கு முக்கியம் என்று காட்ட. அவர்கள் கூப்பிடாமல் விடுவது, நீ எங்கள் ஆள் என்று காட்ட. இரண்டும் ஒரே அன்புதான். இப்படி எழுதினால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓர் உதவியும் இல்லை. உண்மையாகவே வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் கூப்பிட மாட்டார்கள். வெளியில் நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும் எது எதுவென்று?

பேஸைத் தொடவில்லை. ஷெஃப் லீவு வேண்டாமா என்று கேட்டார். லீவு அப்படியே இருக்கட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜனவரி 6, செவ்வாய்

பனி, இந்த முறை உண்மையான பனி. குரூப்பிலிருந்து இன்னும் என்னை எடுக்கவில்லை. மறந்திருப்பார்கள்.

மாலை ட்ராகன் குரூப்பில்: "வியாழன் காலை 5. பங்கர் வாசல். பிந்தினால் விட்டுவிட்டுப் போவேன்."

மிலிட்சா பெருவிரல். ஸ்டெஃபான் பெருவிரல். (அவனை எப்போது சேர்த்தார்கள்?) நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருக்கு எழுதியிருக்கிறான்? எல்லாருக்கும். எல்லாருக்குள் நான் இருக்கிறேனா? மிலிட்சாவிடம் கேட்கலாம். கேட்டால் ட்ராகனிடம் கேட்பாள், அவன் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும், ஸ்டெஃபானுக்கு முன்னால். கேட்கக் கூடாது.

புதுக் கம்பி மாட்டினேன். சும்மா.

ஜனவரி 7, புதன்

அவர்களுடைய கிறிஸ்மஸ் இன்று. ட்ராகனின் தாய்க்கு வாழ்த்து அனுப்பினேன், சேர்பியத்தில். பதிலுக்குப் பூப் படங்கள் வந்தன, நிறையப் பூக்கள்.

அம்மாவிடம் உண்மையை, கடைச் சினேகிதி இல்லை நான்தான் என்பது உட்பட, சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றார். "எந்தச் சினேகிதிக்கு அந்த வெள்ளிக்கிழமை சாப்பாடு இறங்கேல்லை?"

"நாளைக்குக் காலமை போகப்போறன் அம்மா."

"கூப்பிட்டவையோ?"

"இல்லை."

"வேண்டாம் எண்டு சொன்னவையோ?"

"அதுவும் இல்லை."

அம்மாவின் சட்டப்புத்தகத்தில் இதற்குப் பக்கம் இல்லை. நீண்ட நேரம் பருப்பில் கல் பொறுக்கினார். இங்கே வாங்கும் பருப்பில் கல்லே இருப்பதில்லை.

"போய் வாசல்லை நிண்டு மானம் போச்செண்டால் வந்து என்னட்டைச் சொல்லாதை" என்றார். கொஞ்சம் கழித்து: "காலுறை ரெண்டு சோடி போட்டுக்கொண்டு போ."

ஜனவரி 8, வியாழன்

மைனஸ் ஏழு. முதல் எஸ்-பான். பெட்டியில் நானும் பேக்கரி உடுப்போடு தூங்கும் ஒருத்தியும்.

பங்கர் மூலைக்கு நேரத்துக்கு முன்பே வந்துவிட்டேன். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வான் நின்றது, பின்கதவு திறந்து. ஸ்டெஃபான் கண்ணாடியில் பனி சுரண்டினான். மிலிட்சா டிரம்ஸை ஏற்றினாள். ட்ராகன் உள்ளேயிருந்து ஏதோ தூக்கிவந்தான், பார்த்தால் என் அம்ப்ளிஃபயர். அது பெரிது, நல்லது, ஸ்டெஃபானுக்கும் பயன்படும். அதனால் ஒன்றும் தெரியவில்லை. பேஸின் பட்டி தோளை அறுத்தது. திரும்பிப் போகலாம், ஒருவரும் பார்க்கவில்லை. ஐந்து கடந்தது. எல்லாரும் ஏறினார்கள். எஞ்சின் ஓடியது. வான் புறப்படவில்லை. புகை விட்டுக்கொண்டு நின்றது, நின்றுகொண்டே இருந்தது. யாரோ மறந்த பொருளை நினைவுபடுத்திக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

கால் தானாக நடந்தது. ரோட்டைக் கடக்கும்போது, இல்லை என்று சொன்னால் என்ன சொல்வது என்று ஜெர்மனில் ஒரு வசனம் தயார் செய்தேன். வழியனுப்ப வந்தேன் என்று. தோளில் பேஸோடு.

ஸ்டெஃபான்தான் முதலில் கண்டான். இறங்கி வந்து பின்கதவைத் திறந்தான். உள்ளே அவனுடைய பேஸ் இருந்தது. அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்தான், பக்கத்தில் இன்னொன்று வைக்கிற அளவுக்கு. எந்த மேடையில் யார் வாசிப்பது, எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது, இதை லைப்சிக் தாண்டி எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

ட்ராகன் கண்ணாடியை இறக்கினான். மூக்கு சிவந்திருந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்? அஞ்சு எண்டெல்லோ எழுதினனான்."